கால் சொல் கூடினால் மூன்று வயது குறையுமா?

2023 மே மாதம் அமெரிக்காவின் கொலம்பியா, ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு முடிவை வெளியிட்டார்கள். தினம் ஒரு மல்டிவைட்டமின் மாத்திரை போட்டுக்கொண்ட முதியவர்களின் நினைவாற்றல் மூன்று வயது இளமையாக இருந்தது என்று நாளிதழ்கள் அதைச் சுருக்கின. 2024 ஜனவரியில் ‘காஸ்மாஸ்’ என்ற அதே பெரும் ஆய்வின் இன்னொரு பகுதி வந்தது. அதில் இரண்டு வயது. அதன் பிறகு குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் இந்தச் செய்தி ஓயவில்லை. அம்மாவுக்கு அல்சைமர் என்று சொல்லிவிட்டார்கள், இதையாவது கொடுத்துப் பார்ப்போமே என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். “கொடுங்க, கெடுதல் ஒண்ணும் இல்ல” என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில்.

அந்த மூன்று வயது எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்துவிடுவோம். ஆய்வில் சேர்ந்த 3,562 பேர் தங்கள் வீட்டுக் கணினியின் முன் உட்கார்ந்து ஒரு தேர்வு எழுதினார்கள். திரையில் இருபது சொற்கள் ஒவ்வொன்றாக வந்து போகும். முடிந்ததும், நினைவில் நின்றவற்றைத் தட்டச்சு செய்ய வேண்டும். மாத்திரை போட்டவர்கள் தொடக்கத்தில் சராசரியாக 7.10 சொற்களை நினைவில் வைத்திருந்தார்கள். ஓராண்டுக்குப் பின் 7.81. வெற்று மாத்திரை போட்டவர்கள் 7.21இல் தொடங்கி 7.65க்கு வந்தார்கள். தேர்வு பழகிப்போனதால் இரு தரப்பும் முன்னேறியிருக்கிறது. இரு முன்னேற்றங்களுக்கும் இடையிலான வித்தியாசம் சுமார் கால் சொல். வயது ஒன்று கூடும்போது இதே தேர்வில் மதிப்பெண் எவ்வளவு குறைகிறது என்று கணக்கிட்டு, இந்தக் கால் சொல்லை அதனால் வகுத்தார்கள். விடை 3.1 ஆண்டுகள்.

கணக்கில் பிழை இல்லை. வித்தியாசம் தற்செயலானது என்றும் சொல்ல முடியாது. மாத்திரைகளை அவற்றைத் தயாரித்த நிறுவனமே வழங்கியது என்பதைப் பிடித்துக்கொண்டு ஆய்வாளர்களின் நேர்மையைச் சந்தேகிப்பவர்களோடும் நான் இல்லை. ஆனால் இது வீட்டில் தானாகக் கணினியை இயக்கத் தெரிந்த முதியவர்களின் சொல் ஞாபகம் பற்றிய ஆய்வு. யாருக்கு டிமென்ஷியா வந்தது, வரவில்லை என்று அந்தத் தேர்வு கேட்கவே இல்லை. மகனின் பெயர் மறந்து, குளியலறைக்கு வழி தெரியாமல் கூடத்தில் நிற்கும் ஒருவருக்கு இந்த முடிவால் என்ன பயன் என்று கேட்டால், அதற்கான பதில் அங்கே இல்லை.

வைட்டமின் குறைவால் புத்தி தடுமாறுவது உண்மை. அதை மறுக்க எவராலும் முடியாது. பெல்லாக்ரா என்ற நோயின் அடையாளங்களில் ஒன்றே மனக்குழப்பம்தான். நியாசின் கிடைத்தால் சரியாகும். தக்காணத்தில் சோளத்தையே நம்பி வாழ்ந்தவர்களுக்கு அந்த நோய் ஏன் வருகிறது என்று கோபாலனும் ஸ்ரீகாந்தியாவும் 1960இல் எழுதியது இந்திய ஊட்டச்சத்து ஆய்வின் பெருமைகளில் ஒன்று. குடிநோயாளிக்குத் தயமின் ஊசியைத் தாமதமின்றிப் போட்டால் மூளையைக் காப்பாற்றலாம். பி12 குறைந்தாலும் மறதி வரும். நம் ஊரில் அது குறையக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை: ஆண்டுக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடும் சர்க்கரை நோயாளிகள், காலையில் எழுந்ததும் அமிலம் குறைக்கும் மாத்திரையைத் தேடும் பெரியவர்கள், முட்டையும் தொடாத சைவர்கள். இவர்களுக்கு மறதி என்றால் பி12 அளவைப் பார்க்காமல் விடுவது குற்றம். குறைந்திருந்தால் நிரப்ப வேண்டும்.

ஆனால் இந்த வாசல் எவ்வளவு அகலம் என்பதையும் சொல்லியாக வேண்டும். மீட்கக்கூடிய டிமென்ஷியா எத்தனை என்று 39 ஆய்வுகளைத் திரட்டி 2003இல் கிளார்ஃபீல்ட் கணக்கெடுத்தார். வைட்டமின் குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, மருந்துகளின் பக்கவிளைவு என்று சரிசெய்யக்கூடிய காரணம் ஏதோ ஒன்று தென்பட்டவர்கள் நூற்றுக்கு ஒன்பது பேர். அதைச் சரிசெய்த பின் உண்மையில் தேறியவர்கள், ஓரளவு தேறியவர்களையும் சேர்த்து, 0.6 சதவீதம். குறைவு இருந்தவருக்குக் குறைவை நிரப்பினாலே இதுதான் நிலை. குறைவே இல்லாதவருக்கு மேலும் மேலும் கொட்டுவதற்கு வேறு நியாயம் வேண்டும்.

அந்த நியாயத்தின் பெயர் ஹோமோசிஸ்டீன். என் நெடுநாள் மனத்தாங்கலும் இங்கேதான் இருக்கிறது.

ஹோமோசிஸ்டீன் ரத்தத்தில் ஓடும் ஓர் அமினோ அமிலம். பி12, ஃபோலிக் அமிலம், பி6 மூன்றும் சேர்ந்து அதை வேறொன்றாக மாற்றிவிடுகின்றன. இவை குறைந்தால் அது தேங்கும். அல்சைமர் நோயாளிகளின் ரத்தத்தில் அது கூடுதலாக இருப்பதை 1998இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு குழு காட்டியது. அந்தக் கட்டுரையின் முதல் இரு பெயர்கள் ராபர்ட் கிளார்க், டேவிட் ஸ்மித். பின்னால் வரப்போவதற்காக இந்த இரு பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். 2002இல் அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஆய்வு இன்னும் உறுதியாகப் பேசியது. 1,092 முதியவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், ஹோமோசிஸ்டீன் 14 மைக்ரோமோலைத் தாண்டியவர்களுக்கு அல்சைமர் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இதற்குமேல் யாருக்குத்தான் ஆசை வராது? மலிவான மூன்று வைட்டமின்களைக் கொடுத்தால் அந்த எண் கட்டாயம் இறங்கும். எண் இறங்கினால் நோயும் இறங்க வேண்டுமே. வருகைப் பதிவேட்டில் எல்லாக் கட்டத்திலும் கையெழுத்து விழுந்துவிட்டால் பள்ளிக்கூடம் நன்றாக நடக்கிறது என்று எழுதிவிட்டுப் போகும் ஆய்வாளரின் தர்க்கம் இது. வயது, சிறுநீரகம், இளைத்துப்போன உடல், சாப்பாட்டில் நாட்டமின்மை எல்லாமே ஹோமோசிஸ்டீனை ஏற்றும். இவை அனைத்தும் மறதிநோயின் அண்டைவீட்டுக்காரர்கள். எண் நோயை உண்டாக்குகிறதா, நோய்க்குப் பக்கத்தில் சும்மா நிற்கிறதா என்று கூட்டத்தைக் கவனிப்பதால் மட்டும் பிரித்தறிய முடியாது. கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

கொடுத்துப் பார்த்தார்கள். 2008இல் அமெரிக்காவில் பால் அய்சென் தலைமையில் 409 அல்சைமர் நோயாளிகள், பதினெட்டு மாதம். நாளுக்கு ஃபோலிக் அமிலம் 5 மில்லிகிராம், பி12 1 மில்லிகிராம், பி6 25 மில்லிகிராம். கஞ்சத்தனமான அளவு என்று யாரும் குறைசொல்ல முடியாது. ஹோமோசிஸ்டீன் எதிர்பார்த்தபடி குறைந்தது. நோயாளிகளின் சரிவு கொஞ்சமும் மட்டுப்படவில்லை. வைட்டமின் தரப்பில் மனச்சோர்வு சற்று அதிகமாகவும் தென்பட்டது.

பிறகு 2010இல் ஸ்மித்தின் விட்டகாக் ஆய்வு. இன்றைக்கும் பி வைட்டமின் ஆதரவாளர்கள் கையில் உயர்த்திப் பிடிக்கும் கொடி இதுதான். டிமென்ஷியாவுக்கு முந்தைய லேசான மறதி நிலையில் இருந்த, எழுபது வயதைக் கடந்த 271 பேர் சேர்ந்தார்கள். இரண்டாண்டு இடைவெளியில் இருமுறை மூளை ஸ்கேன் கிடைத்தது 168 பேருக்கு. வெற்று மாத்திரை போட்டவர்களின் மூளை ஆண்டுக்கு 1.08 சதவீதம் சுருங்கியது. வைட்டமின் போட்டவர்களுக்கு 0.76. தொடக்கத்தில் ஹோமோசிஸ்டீன் 13க்கு மேல் இருந்தவர்களிடம் சுருக்கம் பாதியாகவே குறைந்தது. அழகான முடிவு. ஹோமோசிஸ்டீன் கூடியவர்களிடம் சில நினைவுத் தேர்வுகளிலும் நன்மை தெரிந்ததாக 2012இல் இன்னொரு கட்டுரை வந்தது. இந்த ஆய்வை ஒதுக்கித் தள்ளுகிறவர்கள் சோம்பேறிகள் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஆய்வு முதன்மையாக அளக்கப் புறப்பட்டது எதை? மூளையின் கன அளவை. முன்பு ரத்தத்தில் ஓர் எண், இப்போது ஸ்கேனில் ஓர் எண். மூளை சுருங்குவது குறைந்தால் நோய் மெதுவாகிவிட்டதாகத்தானே பொருள் என்று கேட்கலாம். அண்மையில் வந்த லெகனெமாப் என்ற அல்சைமர் மருந்தைப் பாருங்கள். மூளையில் படியும் அமிலாய்டை அது அகற்றுகிறது. பதினெட்டு மாதச் சோதனையில் சரிவைக் கொஞ்சம் மெதுவாக்கியது. அந்த மருந்தை எடுத்தவர்களின் மூளைக் கன அளவோ, எடுக்காதவர்களைவிடக் கூடுதலாகக் குறைந்தது! அளவு ஒரு திசையில் போகிறது, ஆள் வேறு திசையில் போகிறார். லெகனெமாபுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை, அதன் கதை தனிக்கதை. ஸ்கேனில் தெரியும் சுருக்கத்தை நோயாளியின் வாழ்க்கைக்குப் பதிலியாக வைத்துப் பேசுவது எவ்வளவு ஆபத்து என்பதற்காகச் சொல்கிறேன்.

2014இல் 1998 கட்டுரையின் கூட்டாளிகள் எதிரெதிர் அணியில் நின்றார்கள். ஹோமோசிஸ்டீனைக் குறைக்கும் 11 சோதனைகள், சுமார் 22,000 பேர் என்று திரட்டிக் கிளார்க் ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டார். எண் கால்பங்கு குறைந்திருக்கிறது, அறிவாற்றலின் முதுமையில் மாற்றம் எதுவுமில்லை என்பது அவர் முடிவு. ஸ்மித்தின் தரப்பு கொதித்தது. அந்தச் சோதனைகளில் இருந்த பெரும்பாலோர் ஆரோக்கியமானவர்கள், வெற்று மாத்திரை போட்டவர்களுக்கே நினைவு சரியவில்லை, சரியாததை எப்படித் தடுத்துக் காட்டுவது என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. கிளார்க்கின் தொகுப்பைச் சாய்க்க அது போதும் என்றே வைத்துக்கொள்வோம். அதனால் வைட்டமினின் கட்சி வென்றதாகுமா? எதிராளியின் சாட்சி செல்லாது என்பது நம் வழக்குக்குச் சாட்சி ஆகிவிடாது.

இந்த வாதத்தை அடுக்கிப் பார்த்தால் அதன் போக்கு புரியும். ஆரோக்கியமானவர்களிடம் பலன் தெரியவில்லையா, அவர்களுக்கு இன்னும் சரிவு தொடங்கவில்லை. நெதர்லாந்தின் பி-புரூஃப் ஆய்வு ஹோமோசிஸ்டீன் கூடிய 2,919 பேரையே தேர்ந்தெடுத்து, இரண்டாண்டு வைட்டமின் கொடுத்து, நினைவில் பலன் காணவில்லை என்று 2014இல் சொன்னதே? அவர்களுக்கு மறதி தொடங்கியிருக்கவில்லை. அய்செனின் நோயாளிகள்? அவர்களுக்குக் காலம் கடந்துவிட்டது. ஆக முன்னால் வந்தவருக்கு நேரம் ஆகவில்லை, பின்னால் வந்தவருக்கு நேரம் போய்விட்டது. நடுவே ஆக்ஸ்ஃபோர்டில் 168 ஸ்கேன்கள் மட்டும் மிஞ்சுகின்றன.

அந்த நடுப்புள்ளியையும் ஹாங்காங்கில் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். ஹோமோசிஸ்டீன் கூடிய, லேசான மறதி நிலையில் இருந்த 279 பேர். மெகோபாலமினும் ஃபோலிக் அமிலமும் இரண்டாண்டு கொடுத்தார்கள். 2020இல் முடிவு வந்தது: நோயின் நிலை முற்றுவதை அது தடுக்கவில்லை. இத்தனைக்கும் மெகோபாலமின்தான் நம் மருந்துச் சீட்டுகளில் நாள்தோறும் எழுதப்படும் பி12 வடிவம். இதற்கும் விளக்கம் கிடைத்தது. ஆக்ஸ்ஃபோர்டு, ஹாங்காங் சோதனைகள் இரண்டையும் பின்னோக்கிச் சேர்த்துப் பார்த்து, ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களிடம்தான் வைட்டமின் வேலை செய்யவில்லை என்றார்கள். அதற்கு முன்பே 2015இல், ஒமேகா-3 கொழுப்பு ரத்தத்தில் நிறைய இருந்தவர்களுக்கு மட்டுமே பலன் என்று ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து ஒரு கட்டுரை வந்திருந்தது.

எண்ணிக்கொள்ளுங்கள். மறதி தொடங்கியிருக்க வேண்டும், முற்றியிருக்கக் கூடாது. ஹோமோசிஸ்டீன் ஏறியிருக்க வேண்டும். மீன் கொழுப்பு நிறைந்திருக்க வேண்டும். ஆஸ்பிரின் ஆகாது. ஸ்டென்ட் வைத்து, தினமும் ஆஸ்பிரின் போட்டு, மீன் வாசனையே ஆகாத நம் வீட்டுத் தாத்தாக்களில் எத்தனை பேர் இந்தச் சல்லடையில் தங்குவார்கள்? இந்த நிபந்தனைகளில் சில உண்மையாகவே இருக்கலாம். உடல் எளிமையான இயந்திரம் இல்லைதான். ஆனால் முடிவு வந்த பிறகு ஒவ்வொன்றாகச் சேர்க்கப்படும் நிபந்தனையை முன்கூட்டி எழுதிவைத்து, புதிய ஆட்களிடம் சோதித்து, வென்று காட்டினால்தான் அது அறிவு. அதுவரை சமாளிப்பு. காப்புரிமை இல்லாத வைட்டமினுக்குப் பெரிய சோதனை நடத்த எந்தக் கம்பெனி பணம் போடும் என்ற ஆதரவாளர்களின் புலம்பலில் உண்மை இருக்கிறது. அந்த அநியாயத்துக்கு மருந்து, சோதனைக்குப் பொதுப்பணம் கேட்டுப் போராடுவது. நடக்காத சோதனை நடந்து வென்றுவிட்டதுபோல நோயாளியின் தட்டில் மாத்திரையை வைப்பதை அது நியாயப்படுத்தாது.

என் அளவுகோலுக்குச் சரியாக நின்ற ஆய்வு ஒன்று உண்டு. அது வைட்டமின் ஈ பற்றியது என்பது ஒரு வேடிக்கை. 2014இல் அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனைகளில் 613 அல்சைமர் நோயாளிகளிடம் நடந்த சோதனை, உடுத்துவது, குளிப்பது, சாப்பிடுவது போன்ற அன்றாடச் செயல்களை அளந்தது. நாளுக்கு 2,000 அலகு வைட்டமின் ஈ எடுத்தவர்களிடம் இந்தச் செயல்களின் சரிவு ஆண்டுக்கு 19 சதவீதம் மெதுவாக இருந்தது. நினைவில் மாற்றமில்லை. இதை நான் மதிக்கிறேன். ஆனால் 2005இல் லேசான மறதி நிலையில் இருந்தவர்களிடம் அதே அளவு கொடுத்தபோது எந்தப் பயனும் தெரியவில்லை. வைட்டமின் ஈ நாளுக்கு 400 அலகு எடுத்த ஆண்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியதை 2011இல் வேறோர் ஆய்வு கண்டது. டிமென்ஷியாவுக்கு வைட்டமின் ஈ தராதீர்கள் என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018 வழிகாட்டுதலில் நேரடியாகவே எழுதிவிட்டது.

இனி நம் ஊர் அட்டை ஒன்றைக் கையில் எடுப்போம். மறதிக்கும் கால் மரத்துப்போவதற்கும் வேறுபாடில்லாமல் எழுதப்படும் கலவை மாத்திரை. பின்பக்கம் பொடி எழுத்தில்: மெகோபாலமின் 1500 மைக்ரோகிராம், ஆல்ஃபா லிப்போயிக் அமிலம் 100 மில்லிகிராம், ஃபோலிக் அமிலம் 1.5 மில்லிகிராம், பிரிடாக்ஸின் 3 மில்லிகிராம். ஒரு நாளுக்கு உடல் கேட்கும் பி12 இரண்டு மைக்ரோகிராமுக்குச் சற்று அதிகம். குடல் உறிஞ்சாதவருக்கு இவ்வளவு கொட்டினால்தான் கொஞ்சமாவது உள்ளே இறங்கும் என்பது சரி. ஆனால் குறைவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டா இது எழுதப்படுகிறது? பெரும்பாலான சீட்டுகளோடு பி12 பரிசோதனைத் தாள் இருப்பதில்லை. தாள் இருந்தாலும் கதை முடிவதில்லை. மூன்று மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் எண் ஏறியிருக்கும். குடும்பம் மகிழும், மருத்துவர் தலையசைப்பார். அம்மா அடுப்பை அணைக்க மறந்ததும், இரவில் கதவைத் திறந்து வெளியே போனதும் அந்தத் தாளில் எங்கும் ஏறாது. எண் முன்னேறியிருப்பதால் சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறது என்ற திருப்தி மட்டும் எல்லோருக்கும் கிடைத்துவிடுகிறது.

கெடுதல் ஒன்றுமில்லை என்ற வாதம் எனக்கு எரிச்சலூட்டுவது இதனால்தான். அதிக அளவு பி6ஐ நீண்ட நாள் எடுத்தால் நரம்பே கெடும் என்பதையெல்லாம் விடுங்கள், மேலே சொன்ன கலவையில் அந்த அளவு இல்லை. டிமென்ஷியாவைத் தள்ளிப்போடவோ தடுக்கவோ வாய்ப்புள்ள 14 காரணிகளை 2024இல் லான்செட் ஆணையம் பட்டியலிட்டது. கேட்கும் திறன் குறைவது, ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, கெட்ட கொழுப்பு, தனிமை எல்லாம் அதில் இருக்கின்றன. வைட்டமின் குறைவு அந்தப் பட்டியலில் இல்லை. அப்பாவுக்குக் காது கேட்கும் கருவி வாங்கித் தர ஆண்டுக்கணக்கில் தயங்கும் வீட்டில்தான் மாதம் தவறாமல் சத்து மாத்திரை வாங்கப்படுகிறது. கருவியோடு மல்லுக்கட்ட வேண்டும், அவர் கழற்றி வைப்பார், மறுபடி மாட்டிவிட வேண்டும். மாத்திரைக்கு ஒரு வாய்த் தண்ணீர் போதும்.

இந்திய முதியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக 2023இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களிடம் எனக்கு ஒரு யோசனை உண்டு. அடுத்த முறை சீட்டில் வைட்டமின் எழுதப்படும்போது மூன்று கேள்வி கேளுங்கள், டாக்டர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. பி12 அளவு என்ன? குறைவாக இருந்தால், நிரப்பிய பிறகு வீட்டில் நாங்கள் எந்த மாற்றத்தைப் பார்க்க வேண்டும்? தானாகச் சட்டைப் பொத்தான் போடுவதா, பேரன் பெயர் சொல்வதா, இரவில் தூங்குவதா? அந்த மாற்றம் ஆறு மாதத்தில் வராவிட்டால், குறைவை நிரப்பும் அளவோடு நிறுத்திக்கொண்டு மற்றதை எந்தத் தேதியில் விடலாம்? மூன்றாவதற்குத் தேதி எழுதிய சீட்டு ஒன்றை எவராவது காட்டினால் அந்த மருத்துவரிடம் என் வாதத்தை முதல் வரியிலிருந்து விவாதிக்கத் தயார்.